ஆள் இல்லாத வீடு

லிந்துலை டவுனில் சண்முகவடிவுக்கு ஒரு வாடகை வீடு இருந்தது. அதை ஈடு வைத்து பேங்கில் கடன் எடுத்து, பக்கத்து வீட்டையும் வாங்கிப்போட நினைத்தாள். வெள்ளிக்கிழமை தாண்டினால் அதை வேறு ஆளுக்கு விற்றுவிடுவார்கள்.

வீட்டுக்கு மதிப்புப் போட பேங்க் ஆள் வருவதாகச் சேதி வந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கும் கண்டாக்காக இருந்து ஓய்வுபெற்ற கணவர் பழனியாண்டி யோசனை சொன்னார்.

"தோட்டத்துத் தொரை, ஆளுங்க குடியிருக்கிற லயம் பாக்க வந்தா என்ன செய்வோம்? சுண்ணாம்பு அடிச்சு, ஆளையெல்லாம் வெளிய அனுப்பிருவோம்ல?"

அப்படியே செய்தார்கள். குடியிருந்த மூன்று டீச்சர்மாரும் கட்டில், பெட்டியோடு லொறியில் சேர்ச் மண்டபத்துக்குப் போனார்கள்.

வந்தவர் சுற்றிப் பார்த்தார்.

"வீடு நல்லா இருக்கும்மா. குடியிருக்கிறவங்க எங்க?"

"உங்களுக்காகத்தான் காலி பண்ணினோமுங்க."

"வாடகை வருமானத்தப் பாத்துத்தானே கடன் குடுக்கிறது? காலி வீடுன்னு எழுதினா பாதிதான் கெடைக்கும்."

சண்முகவடிவு கணவரைப் பார்த்தாள்.

"கேட்டுக்கிட்டீங்களா, கண்டாக்கையா?"

"எந்தத் தொரையும் இப்பிடிக் கேட்டதில்ல," என்றபடி பழனியாண்டி சேர்ச்சுக்கு ஓடினார்.

பேங்க்காரர் மூன்றாவது தேத்தண்ணி குடிக்கும்போது லொறி திரும்பியது. ஷாமிலா டீச்சர் பெட்டியோடு இறங்கினாள்.

"சுண்ணாம்பு அடிச்சிருக்கே. வாடகையைக் கூட்டுவீங்களாக்கா?"

"கூட்டினா கடனும் கூடும்," என்றார் பேங்க்காரர்.

ஷாமிலா பெட்டியைத் திரும்ப லொறியில் ஏற்றினாள்.

"பழைய வாடகைன்னே எழுதுங்கய்யா," என்றாள் சண்முகவடிவு.

"மூணு வருசத்துக்கு," என்றாள் ஷாமிலா.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.