கோல் வாங்காத கோல்கீப்பர்

யுத்தம் முடிந்து ஒன்பதாவது வருஷம், ஸ்காட்லாந்துக் கோப்பைப் போட்டியில் ஆர்ட்மியூர் ஊர் அணியையும் முதன்முறையாகச் சேர்த்துக்கொண்டார்கள். சேதி வந்த அன்று தபால்காரன் வாட்டி கேர்ன்கிராஸ் கடிதப் பையை நடுத்தெருவில் போட்டுவிட்டுக் குதித்தான். வயது முப்பத்தொன்பது. பதினேழு வருஷமாக அணியின் கோல்கீப்பர். அதில் நாலு வருஷத்தை யுத்தம் தின்றுவிட்டது. கோப்பையில் ஒரே ஒரு ஆட்டம் நின்றுவிட்டால் போதும், அப்புறம் ஆட்டத்துக்கே முழுக்குப் போட்டுவிடுவது என்றிருந்தான்.

யார் ஆடுவது என்று தீர்மானிப்பது கமிட்டி. கசாப்புக்கடை மங்கோ டால்க்ளீஷ் தலைவர். கூட ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மூவரில் ஒருவர்கூடப் பந்தை உதைத்ததில்லை. ஆகவே யோசனைக்குப் பஞ்சமே கிடையாது.

"வாட்டி, உன் விரல் ஒண்ணு ஒடிஞ்சாலும் நம்ம கதி அதோகதிதான்," என்றார் மங்கோ. "சனிக்கிழமை லீக் ஆட்டத்துக்கெல்லாம் சின்னப்பய நினியன் நிக்கட்டும். உன்னைக் கோப்பைக்குன்னு பத்திரமா வெச்சுக்கறோம்."

வாட்டிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டில் கரி வாளியைக்கூடத் தொட மறுத்தான். கமிட்டி உத்தரவாம்!

"அப்ப உங்க கமிட்டியை வந்து தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க," என்றாள் அவன் மனைவி எஃபி.

ஜனவரியில் முதல் சுற்று. எதிரணி, இவ்வளவு தூரம் வந்து போக முடியாது என்று விலகிக்கொண்டது. ஆர்ட்மியூர் ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஊர் பேண்டு முழங்கியது. இரண்டாம் சுற்றில் சீட்டுக் குலுக்கியபோது இவர்களுக்கு எதிராளியே கிடைக்கவில்லை. நேராக மூன்றாம் சுற்று. மறுபடியும் பேண்டு. அங்கே எதிரணி, முந்தைய ஆட்டத்தில் பதிவு செய்யாத ஆளை இறக்கிய குற்றத்துக்காக நீக்கப்பட்டது. இந்தத் தடவை பேண்டோடு விருந்தும் உண்டு. "நம்ம கோட்டைக்குள்ள எவனாலயும் நுழைய முடியல!" என்று மங்கோ முழங்க, ஊரே கை தட்டியது. ஒருத்தராவது சிரிக்க வேண்டுமே!

வாட்டி மட்டும் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"மூணு சுற்று ஜெயிச்சாச்சு, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?" என்று எஃபி கேட்டாள்.

"ஒரு பந்தையாவது தொட்டேனாடி?"

நாலாம் சுற்றில் வந்து வாய்த்தது கிளாஸ்கோவின் பெரிய அணி. அவர்கள் மைதானம், நாற்பதாயிரம் பேர் பார்ப்பார்கள். வாட்டிக்குத் தரையில் கால் பாவவில்லை. பாதிரியாருக்கு வந்த கடிதத்தை ஞாபகப் பிசகில் சாராயக்கடையில் கொடுத்துவிட்டு வந்தான். வியாழக்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடி, பதினோரு பெயரைப் படித்தது. கோலில் நினியன்.

"என்னது? என்னைக் கோப்பைக்குன்னுதானே வெச்சிருந்தீங்க?"

"யாரு இல்லேன்னா?" என்றார் மங்கோ. "ஆனா மூணு மாசமா நீ ஒரு ஆட்டம்கூட ஆடலியேப்பா. பழக்கம் விட்டுப்போன ஆளை நம்பிக் கிளாஸ்கோவுக்கு எப்படிப் போறது? நீயே சொல்லு."

"யோவ், ஆட விடாதது யாருய்யா?"

"சரி சரி, பழசைக் கிளறாதே," என்றார் வாத்தியார்.

சனிக்கிழமை ஆர்ட்மியூர் பதிமூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றது.

திங்கட்கிழமை வாட்டி கடிதம் கொடுத்த வீடெல்லாம் ஒரே பேச்சு. "நீ நின்னிருந்தா இந்த அவமானம் வந்திருக்குமா? கோப்பையில உன்னைத் தாண்டி ஒரு கோல் போனதுண்டா?" மங்கோவே கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க தப்புதாம்ப்பா. உன்னை மாதிரி கோல்கீப்பர் இந்த ஊர்ல பொறந்ததே இல்ல," என்று கண் கலங்கினார்.

தெருமுனையில் நினியன் எதிர்ப்பட்டான். கட்டைவிரலில் கட்டு, முகம் வீங்கியிருந்தது, வாயெல்லாம் பல். "அண்ணே, பதினாலாவதைப் புடிச்சிட்டேண்ணே! மொத்தக் கூட்டமும் எழுந்து நின்னு கை தட்டிச்சு. அந்தச் சத்தம் இன்னும் காதுல கேக்குதுண்ணே."

வாட்டி வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தான்.

"நல்லவேளை, தப்பிச்சீங்க," என்றாள் எஃபி. "போயிருந்தா அந்தப் பதிமூணும் உங்க தலையிலதான் விழுந்திருக்கும்."

"விழட்டுமே, எஃபி!" என்று அவன் குரல் உடைந்தது. "பதிமூணும் என் தலையிலயே விழுந்திருக்கக் கூடாதா?"