வாகீசனுக்கு ஆன்மா திரும்பிய பிறகு

இரத்தக்காட்டேரி வாகீசனுக்கு ஆன்மாவைத் திருப்பிக் கொடுத்தது எவ்வளவு பெரிய பிழை என்று சாம்பவிக்கு விளங்கியபோது, அவளுடைய அக்கா தாரிகா பெட்டியைத் திறந்து வைத்துத் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வாகீசனை உண்டாக்கியவள் சாம்பவிதான். பகலில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வாகன விபத்து இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்ப்பது அவள் வேலை. மாலையில் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டுக்கு வந்து, அலுமாரிக் கதவைத் திறந்து, தொங்கும் உடுப்புகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு கைபேசியில் கதை சொல்லிப் பதிவு செய்வாள். துணி எதிரொலியைக் குடித்துவிடும். கடற்கரை ரயிலைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. அது வந்தால் வசனத்தின் நடுவிலேயே நிறுத்தி, போகும்வரை காத்திருப்பாள். பிறகு ரயிலின் சத்தத்தை அழித்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாகவே விட்டு யூடியூபில் ஏற்றுவாள். காட்டேரி யோசிக்கிறது என்று கேட்பவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவளும் மறுக்கவில்லை. பேச்சைவிட அந்த வெறும் இடங்கள்தான் நன்றாக வந்திருக்கின்றன என்று அவளுக்கே தோன்றும்.

கதை கொட்டாஞ்சேனையில் நடந்தது. வாகீசன் துறைமுகத்தில் கணக்கெழுதிய சாதுவான மனிதன். யாரோ அவனுடைய ஆன்மாவை உருவி, செம்பு ஒன்றில் அடைத்து, வாயைத் துணியால் கட்டி முகத்துவாரக் கடலில் போட்டுவிடுகிறார்கள். மிச்சமிருந்த உடம்பு எழும்பி இரத்தம் குடிக்கத் தொடங்குகிறது. யாரும் அழைக்காமல் அதனால் ஒரு வீட்டுக்குள் நுழைய முடியாது. ஆனால் தமிழ் வீடுகளில் அதற்கு வாசல் எப்போதும் திறந்தே இருந்தது. விருந்தாளி எழும்பும்போது போகிறேன் என்று சொல்வதில்லை, போய் வருகிறேன் என்றுதான், பேச்சில் போட்டு வாறன் என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரும் போட்டு வாங்கோ என்று சொல்லாமல் இருக்க முடியாது. மரியாதைக்காகச் சொன்ன அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டே வாகீசன் திரும்பி வந்தான். இந்தச் சட்டத்தைக் கண்டுபிடித்த அன்று சாம்பவி அலுமாரிக்குள் தனியாகச் சிரித்தாள்.

பிறகுதான் அந்தப் பிழை. ஒரு மீனவனின் வலையில் செம்பு அகப்படுகிறது. ஆன்மா திரும்பி வருகிறது. தான் குடித்த வீடுகள் ஒவ்வொன்றின் வாசலிலும் போய் நின்று வாகீசன் அழுகிறான். கேட்டவர்களும் அழுதார்கள். "பாவம் வாகீசன். அது அவர் இல்லைத்தானே. ஆன்மா இல்லாத உடம்பு செய்ததுக்கு அவர் என்ன செய்வார்?" என்று ரொறன்ரோவிலிருந்து ஒரு பெண் எழுதினாள். அதற்குக் கீழே இதயங்கள் குவிந்தன. சாம்பவியும் ஒரு இதயம் போட்டாள். விபத்துக் கோரிக்கையில் யாரும் நான் இடித்தேன் என்று எழுதுவதில்லை, வாகனம் கட்டுப்பாட்டை இழந்தது என்றுதான் எழுதுவார்கள். நாள் முழுக்க அதைப் படித்துச் சலித்தவள், அதே கதையை அலுமாரிக்குள் நின்று அழகாகச் சொல்லியிருக்கிறாள் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

தாரிகா ஒவ்வொரு பகுதியையும் கேட்டாள். கேட்கும்போது வலது காதில் மட்டும்தான் இயர்போன் இருக்கும். மற்றது சட்டையின் மேல் தொங்கி யாருக்கும் கேட்காமல் கதை சொல்லிக்கொண்டிருக்கும். இடது காது இரண்டு வருடங்களுக்கு முன் அவளுடைய புருஷன் பிரசாந்தின் கை பட்டதோடு போய்விட்டது. அதன் பிறகுதான் அவள் கொட்டாஞ்சேனை வீட்டை விட்டுவிட்டுத் தாயோடும் தங்கையோடும் வந்து இருந்தாள். மூத்தவள் ஏதோ கோர்ஸ் படிக்க வந்து நிற்கிறாள் என்று அம்மா பக்கத்து வீட்டாருக்குச் சொல்லியிருந்தாள். கோர்ஸ் முடியவே இல்லை.

பிரசாந் இதற்கிடையில் குடியை விட்டிருந்தான். வத்தளையில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருந்து, அங்கேயே ஒரு சபையில் சேர்ந்து, ஞானஸ்நானமும் எடுத்துவிட்டான். ஞாயிறு ஆராதனை முடிய அப்படியே வெள்ளவத்தைக்கு வருவான். வெள்ளைச் சேட், கையில் மாமிக்குக் கொஞ்சம் பழம். கதிரையின் விளிம்பில் இருந்து, கொடுத்த தேத்தண்ணியை இரண்டு கையாலும் வாங்குவான். முன்பு அத்தான் என்று கூப்பிட்ட சாம்பவி இப்போது அவனை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

"அப்ப இருந்தது நான் இல்லை மாமி," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சொன்னான். "அந்தப் பழைய ஆள் செத்துப்போனான்."

"செத்தவருக்கு அந்தியேட்டி செய்தாச்சோ?" என்று சாம்பவி கேட்டாள்.

"சாம்பவி," என்றாள் அம்மா.

"கேக்கட்டும் மாமி. கேக்கிறதுக்கு அவவுக்கு உரிமை இருக்கு." பிரசாந் அவளைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லாதது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "உங்கட வாகீசன் முழுக்கக் கேட்டனான். அவன் அந்தக் கதவடியில நிண்டு அழுற இடம் பஸ்ஸுக்குள்ள கேட்டது. அழுதுபோட்டன். பக்கத்தில இருந்த மனிசி டிஷ்யூ தந்தவ. என்னைப் பாத்து எழுதின மாதிரியே இருந்துது."

சாம்பவி அலுவலகத்தில் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"கொட்டாஞ்சேனை வீடு ஆரின்ர?"

"என்ர."

"மோட்டச்சைக்கிள்?"

"அதுவும் என்ர தான்."

"கலியாணப் பதிவில கையெழுத்து வைச்சது ஆர்?"

பிரசாந் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தான்.

"அதுவும் செத்துப்போன ஆள்தானே. வீடும் சைக்கிளும் உங்களுக்கு வந்திருக்கு, அடிச்ச கை மட்டும் அவரோட போயிட்டுது. சரி, அப்ப அக்கா விதவை. நீங்கள் ஆர்? முன்னப்பின்ன தெரியாத ஆம்பிளை, ஞாயிறு தவறாமல் வந்து எங்கட வீட்டில தேத்தண்ணி குடிக்கிறியள்?"

குசினி வாசலில் நின்ற தாரிகா சிரித்துவிட்டாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்க்கவில்லை. வென்றுவிட்டேன் என்று சாம்பவி நினைத்தாள். ஆனால் திரும்பிப் பார்த்தபோது பிரசாந்தும் சிரித்துக்கொண்டிருந்தான். "அது சரிதானே தாரி, நான் ஆர்?" என்று அவன் கேட்க, அக்கா இன்னும் சிரித்தாள். இருவரும் சேர்ந்துதான் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

போகும்போது அவன் வாசலில் நின்று, "போட்டு வாறன் மாமி," என்றான்.

"ஓம் தம்பி, போட்டு வாங்கோ," என்றாள் அம்மா.

"நீங்களும் சொல்லுங்கோவன், சாம்பவி. இல்லாட்டி எனக்கு உள்ளுக்கு வரேலாது. நீங்கள் போட்ட சட்டம்."

சாம்பவி சொல்லவில்லை. அவன் அடுத்த ஞாயிறும் வந்தான். அம்மாவின் சொல் ஒன்றே போதுமாக இருந்தது.

தொடரின் கடைசிப் பகுதிக்காக அவள் எழுதி வைத்திருந்ததைக் கிழித்துப்போட்டாள். அதில் வாகீசன் ஒரு பெண்ணோடு புறக்கோட்டையில் பஸ் ஏறி நல்லபடியாகப் போய்விடுவான். புதிதாக எழுதியதில் அந்தப் பெண் அவனை நம்பி வீட்டைத் திறந்து வைத்திருந்தாள். கொஞ்சக் காலம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு மத்தியானம், சோறு போடும்போது, அவளுடைய கழுத்து அவன் கண்ணில் பட்டது. அவன் குடித்தான். அழுதுகொண்டே குடித்தான். ஆன்மா அவனுக்குள்தான் இருந்தது. அது எங்கும் போகவில்லை. ஒரு மூலையில் இருந்து, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வசனத்தைச் சொல்லும்போது ரயில் வந்தது. காத்திருந்து மறுபடி சொன்னபோது சாம்பவியின் குரல் நடுங்கியது.

கேட்டவர்கள் ஏசினார்கள். இத்தனை நாள் அழவைத்துவிட்டுக் கடைசியில் ஏமாற்றிவிட்டாள் என்றார்கள். சாம்பவி ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. அந்தப் பகுதி ஒரே ஒரு காதுக்காகச் சொன்னது.

தாரிகா அதைக் கேட்டு முடித்தாள். இயர்போனைக் கழற்றி, கம்பியைச் சுற்றி வைத்தாள். மறுநாள் காலை, வேறு ஒன்றும் சொல்லாமல், பெட்டியைக் கட்டிலில் தூக்கிப் போட்டாள்.

"கடைசிப் பகுதி கேட்டனீதானே?" என்றாள் சாம்பவி. அக்காவின் வலது பக்கமாகப் போய் நின்றுகொண்டாள்.

"கேட்டன்."

"கேட்டுமோ?"

"அது கோவத்தில எழுதினது. குரலிலேயே தெரிஞ்சுது. முன்னம் எழுதினதுதான் நீ மனசார எழுதினது."

"ஆன்மா வந்தாப்பிறகும் அவன் குடிச்சவன் அக்கா."

"அவன் எங்க குடிச்சான்? நீ குடிக்க வைச்சனீ." தாரிகா ஒரு சீலையின் மடிப்பைக் கையால் தடவினாள். "எனக்குப் படிப்பிக்கிறதுக்காக அந்தப் பெட்டையைச் சாகக்காட்டிப்போட்டாய். பாவம் அவள்."

"ஆன்மா இருக்கிறவன் எல்லாம் நல்லவன் இல்லை எண்டுதான் சொன்னனான். அதில என்ன பிழை?"

தாரிகாவின் கை நின்றது. கடல் பக்கத்தில் ரயில் ஒன்று வந்து, ஜன்னல் கண்ணாடியை அதிரச் செய்து, தெகிவளைப் பக்கமாகப் போய் மறைந்தது.

"அது எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள். "முதல் தரம் கன்னம் வீங்கிக்கொண்டு இஞ்ச வந்தனான், ஞாபகம் இருக்கோ? அப்ப ரெண்டு காதும் கேட்டுது. அம்மா புட்டு அவிச்சு, அவருக்கும் ஒரு பாசல் கட்டித் தந்து, போட்டு வா பிள்ளை எண்டவ. நீ என்ர பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஓட்டோவில ஏத்திவிட்டனீ. அண்டைக்கு அவருக்கு ஆன்மா இல்லையாம். அவர் சொல்லுறார். சரி. உங்கள் ரெண்டு பேருக்கும் இருந்ததுதானே?"

சாம்பவிக்கு அந்தப் பையின் நிறம்கூட ஞாபகம் இருந்தது. உள்ளே புட்டின் சூடு பட்டுப் பையின் ஒரு பக்கம் இளஞ்சூடாக இருந்ததும் ஞாபகம் இருந்தது.

"வேற ஆள் செய்தது எண்டு சொல்லியாவது அவர் அழுறார். இந்த வீட்டில ஒருத்தரும் அதுகூடச் சொல்லேல்லை. நான் கோர்ஸ் படிக்கிறன்."

"அப்ப அவரை நம்புறியோ?"

"இல்லை," என்றாள் தாரிகா. பெட்டியின் ஸிப்பை இழுத்தாள். அது நடுவில் சிக்கியது. பின்னுக்கு இழுத்து மறுபடியும் இழுத்தாள். "உங்களை நம்புறதை விடக் கொஞ்சம் கூட நம்புறன். அவ்வளவுதான்."

பிரசாந் மத்தியானம் ஓட்டோவோடு வந்தான். அம்மா புட்டு அவிக்கவில்லை. ஆனால் போத்தல் ஒன்றில் ஊறுகாய் போட்டு, மூடியை இறுக்கித் துணியால் கட்டி மகளின் கையில் கொடுத்தாள். படி இறங்க முழங்கால் விடாது என்று மேலே வாசலிலேயே நின்று, "போட்டு வாங்கோ ரெண்டு பேரும்," என்றாள். வழக்கமாக எல்லோருக்கும் சொல்லும் அதே குரலில்தான் சொன்னாள்.

சாம்பவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். தூக்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள், ஆனால் அது மேல் படியில் இருந்தது, கை தானாகப் போய்விட்டது. ஓட்டோவின் பின்பக்கம் அதை அடுக்கினாள். பிரசாந் முதலில் ஏறி வலப்பக்கம் ஒதுங்கி இருந்தான். தாரிகா அவனுக்குப் பக்கத்தில், நடைபாதை ஓரமாக, ஊறுகாய்ப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"போட்டு வாறன் சாம்பவி," என்றாள்.

வழமையான பதில் நாக்கு நுனிக்கு வந்தது. சாம்பவி அதை விழுங்கினாள். சொன்னால் அது அவளுக்கு மட்டும் போய்ச் சேராது. பக்கத்தில் இருப்பவனுக்கும் சேர்த்துத்தான் போகும். அவனுக்கு இந்த வாசலைத் திறந்துவிட அவள் தயாராக இல்லை. தாரிகா கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்னால் பார்த்தாள்.

"யமுத, சேர்?" என்று, போவோமா என்பதைச் சிங்களத்தில் கேட்டான் சாரதி. பிரசாந் தலையாட்டினான். இயந்திரம் கடகடத்துக் கிளம்பியது.

அப்போதுதான் சாம்பவிக்குப் பயம் பிடித்தது. அக்கா இனி ஒரு நாள் முகம் வீங்கிக்கொண்டு இந்த ஒழுங்கைக்கு வந்தால், உள்ளே வா என்று இந்த வீட்டில் யாரும் சொல்லி வைக்கவில்லை. அம்மா சொன்னது சொல்லில் சேர்த்தியில்லை. அது முதல் தரமும் சொன்னதுதான்.

"போட்டு வா அக்கா," என்றாள். "எப்ப எண்டாலும் வா. என்ன நேரம் எண்டாலும்."

அவள் நின்றது அக்காவின் இடது பக்கம். தாரிகா திரும்பவில்லை. கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, பிரதான வீதிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரசாந்துக்குத்தான் கேட்டது. அவன் முன்னால் குனிந்து, தாரிகாவின் தோளுக்கு அப்பாலிருந்து சாம்பவியைப் பார்த்து, மனம் நிறைந்து சிரித்தான்.

"ஓம் சாம்பவி," என்றான். "கட்டாயம் வாறம்."

ஓட்டோ நகர்ந்தது. "என்னவாம்?" என்று தாரிகா கேட்பது அவளுடைய உதட்டில் தெரிந்தது. பிரசாந் அவளுடைய வலது காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் ஏதோ சொன்னான். அவள் தலையசைத்தாள்.