கடைப் பாத்தியில் காடை முட்டை

"எப்ப வருவீங்க?"

"அப்பா வரச் சொல்றப்ப."

"அவர் சொல்லலைன்னா?"

"நீ போய்க் கேளேன்."

"நானா? அவர் முன்னால நான் தும்முனதுகூட இல்ல!"

"அப்ப மொதல்ல தும்மிப் பழகு," என்று மனைவி சனோபரிடம் சிரித்துவிட்டுத்தான் ஹிக்மத் வேலைக்காக ரஷ்யாவுக்குப் பேருந்து ஏறினான்.

அது நடந்து பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. வீட்டுக்குப் புதுக்கூரை போட வேண்டும் என்று மகனைச் சம்பாதிக்க அனுப்பிவைத்தவர் அவன் அப்பா துர்தலி. கூரை போட்டு ஒரு பனிக்காலமும் கழிந்துவிட்டது. 'வா' என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அப்பா சொல்லாமல் ஹிக்மத் வரமாட்டான். "சமயம் பார்த்து நான் சொல்றேன், பொறு" என்ற மாமியாருக்கும் அந்தச் சமயம் வாய்க்கவில்லை. மகளின் பிரசவத்துக்கென அவள் அந்திஜான் நகரத்துக்குப் போய் இன்றோடு ஒரு வாரம்.

வீட்டில் இப்போது மாமனாரும் மருமகளும் மட்டும்தான். காலையில் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து ஒரு சலாம். அவர் ஏதாவது கேட்டால் ஒரு தலையசைப்பு. மாமனார் காதில் மருமகளின் குரல் விழக்கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் பழைய வழக்கம். ஆனால் முசுக்கொட்டை மரத்தில், சுரைக்குடுக்கைக் கூண்டுக்குள் இருக்கும் காடையோடு அவர் நாள் முழுக்கப் பேசுவார். "என்ன ராசா, இன்னைக்கு ஏழு தரம்தான் கூவுன? தொண்டை கட்டிருச்சா?" கேட்கும்போதெல்லாம் சனோபருக்கு அந்தக் காடைமேல் பொறாமையாக இருக்கும்.

அன்று அவர்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் பாயும் முறை. பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை, மதியத்திலிருந்து அந்தித் தொழுகைவரை. துர்தலி மண்வெட்டியோடு தலைவாய்க்காலுக்குப் போய்விட்டார். தண்ணீர் வருவதற்குள் பசுவுக்கு ஒரு கட்டு குதிரைமசால் அறுத்துவிடலாம் என்று சனோபர் கடைப் பாத்தியில் இறங்கினாள்.

நாலாவது பிடியில் அரிவாளை ஒட்டி ஒரு பறவை படபடத்து எழுந்து, வேலியோரப் புதருக்குள் விழுந்து மறைந்தது. காட்டுக்காடை. அது எழுந்த இடத்தில், ஒரு சிறு குழியில், பழுப்புப் புள்ளிகளோடு ஒன்பது முட்டைகள். குனிந்து முட்டைகளருகே கையை நீட்டினாள். சூடு தெரிந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். கூட்டைக் கலைத்தால் தாய் திரும்பாது.

அப்போதுதான் அந்தச் சலசலப்பு கேட்டது. மடை திறந்தாயிற்று.

காய்ந்த மண்ணில் நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் முதல் பாத்தியில் நுழைந்தது. சனோபர் அரிவாளால் மண்ணைக் கிளறி, கையால் அள்ளி, கூட்டைச் சுற்றி வரப்புக் கட்டினாள். இரண்டாம் பாத்தி நிரம்பியது. மூன்றாவதும் நிரம்பியது. தலைவாய்க்காலில் மாமனார் முதுகைக் காட்டியபடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கை தட்டினாள். தண்ணீர்ச் சத்தத்தில் அது எடுபடவில்லை. முக்காட்டை அவிழ்த்து வரப்பின் உடைப்பில் திணித்தாள். அது நனைந்து, பொதபொதவென்று சரிந்தது. தண்ணீர் முட்டைகளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பிறகு நாலு விரல்.

"அப்பா!"

தன் குரலே தனக்கு அந்நியமாக இருந்தது.

"அப்பா! தண்ணிய அடைங்க! அடைங்கப்பா!"

துர்தலி திடுக்கிட்டுத் திரும்பினார். வாய்க்காலைத் தாண்டி ஓடி வந்தார். "யாரு? என்ன ஆச்சு? பாம்பா?"

அவள் சேற்றுக் கையால் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். பாத்தியின் வாயில் இரண்டு வெட்டு மண் போட்டு அடைத்தார். மீண்டும் ஒரு வெட்டு போட்டு, காலால் மிதித்து இறுக்கினார்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்துத் தோட்டத்து யோல்தாஷின் குரல் வந்தது. "என்ன துர்தலி அண்ணே, தண்ணி கசக்குதா? வேண்டாம்னா இப்பவே இங்க திருப்பி விடுங்க. நாளைக்கு வந்து அழக்கூடாது!"

கடைப் பாத்தியில் பாதி இன்னும் வறண்டு கிடந்தது. அடுத்த முறைக்குள் அங்கிருக்கும் பயிர் கருகிவிடும். துர்தலி ஒரு நொடி அதைப் பார்த்தார்.

"எடுத்துக்கடா! உன் வாயில ஊத்துனாலும் உன் தாகம் அடங்காது!"

பிறகு மருமகளைப் பார்த்துக் கையசைத்தார். இருவரும் பாதாமி மரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். புதர் அசையவில்லை. முட்டைகளின் சூடு குறைந்துகொண்டிருக்கும் என்று சனோபர் நினைத்தாள். அவர் தாடியைப் பிடித்த கையை எடுக்கவேயில்லை. மரநிழல் வரப்பைத் தாண்டி நீண்டது.

புல் நுனி ஒன்று ஆடியது. நின்றது. மறுபடி ஆடியது. தலையைத் தாழ்த்தி, ஈர மண்ணை மிதிக்க யோசித்து யோசித்து, காடை குழியருகே வந்தது. ஒரு முட்டையை அலகால் உள்ளே தள்ளிவிட்டு, சிறகை விரித்து அமர்ந்தது.

துர்தலி மூச்சு விட்டார்.

"ரெண்டு வருஷமா இந்த வீட்ல இருக்க," என்றார், காடையைப் பார்த்தபடியே. "உன் குரல் எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது மகளே. ஊரே கேட்டிருக்கும்."

அவள் தலை குனிந்தாள். வெறும் தலையை மறைக்க முக்காடு இல்லை. அது சேற்றில் கிடந்தது.

"கத்தினது நல்லதாப் போச்சு. இன்னும் என்னத்த இப்படி அடைச்சு வெச்சிருக்க உள்ள?"

வழக்கம்போலத் தலையை அசைத்துவிடலாம். அசைக்கத்தான் போனாள். தொண்டையில் இருந்தது அதற்குள் உதட்டுக்கு வந்துவிட்டது.

"அவர வரச் சொல்லுங்கப்பா."