பியானோ அறைக்குப் பின்னால் வெயில்

“ஏன்டி, ஒங்க பங்களாவுல மட்டும் வெயிலு அடிக்குதா?”

தெரேசா இப்படிக் கேட்டபோது, தங்கச்சி ஜோசப்பின் கொண்டுவந்த பிள்ளைத் துணிகளில் இன்னும் இளஞ்சூடு இருந்தது. வெளியே ஆடி மழை லயத்து வீடுகளின் தகரக் கூரையைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது என்பதே தேயிலைத் தோட்டத்தில் எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. தெரேசா ஒரு துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு மூக்கில் வைத்துப் பார்த்தாள். அடுப்புப் புகை வாசம் துளிகூட இல்லை.

“இஸ்திரி போட்டியா?”

“இல்லக்கா.”

“பின்ன எப்புடி?”

“காயுதுக்கா.”

அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு சொல்லும் வராது என்று தெரேசாவுக்குத் தெரியும். தங்கச்சி பிறந்ததிலிருந்தே அப்படித்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எழுந்து நின்று வாசிக்கச் சொல்கிற நாளிலெல்லாம் வயிற்று வலி என்று படுத்துக்கொள்வாள். வயிற்று வலி வளர்ந்து வளர்ந்து ஒருநாள் பள்ளிக்கூடமே நின்றுபோனது. இத்தனைக்கும் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பாள். நாலு பேர் பார்க்க வாசிப்பதுதான் முடியாது. தொரை பங்களாவில் கூட்டித் துடைக்கிற வேலை அவளுக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான். நாற்காலிகளும் மேசைகளும் கேள்வி கேட்பதில்லை.

தெரேசாவின் பிள்ளை மழை தொடங்கிய வாரத்தில் பிறந்தது. ஈரம் போகாத துணியையே மாற்றி மாற்றிக் கட்டியதில் பிள்ளையின் தொடையிடுக்கெல்லாம் சிவந்து தோலுரிந்து, இராத்திரியில் அது போடும் அலறல் லயத்து வரிசையின் கடைசிக் காம்பரா வரை கேட்டது. டிஸ்பென்சரி ஐயா வெள்ளைக் களிம்பு கொடுத்துவிட்டு, “களிம்பு பாதிதாம்மா. காஞ்ச துணி கட்டுனாத்தான் ஆறும்” என்றார். காய்ந்த துணிக்கு எங்கே போவது? அடுப்புக்கு மேலே கொடி கட்டினால் துணி கரியாகிறது. காம்பராவுக்குள் கட்டினால் நாலு நாளானாலும் பிழிந்த மாதிரியே தொங்குகிறது.

அந்த நேரத்தில்தான் பங்களாவில் வெயிலடித்தது.

அது வந்த கதை இப்படி. தோட்டத்தை அரசாங்கம் எடுத்த பிறகு வந்த இரண்டாவது தொரை கொழும்புக்காரர். அவருடைய மனைவி தொரைசாணிக்குப் பியானோ என்றால் உயிர். பங்களாவின் முன்னறையில் வெள்ளைக்காரத் தொரை விட்டுப்போன பழைய பியானோ ஒன்று இருந்தது. அதைத் தூக்கிப்போக ஆள் போதாமல்தான் விட்டுப்போயிருக்க வேண்டும். வெயில் மாதங்களில் நன்றாகப் பாடும். மழை பிடித்துவிட்டால் அந்தக் கிழட்டுப் பங்களாவின் சுவரெல்லாம் வியர்க்கும். சப்பாத்துகளில் பச்சைப் பூஞ்சணம் பூக்கும். பியானோவின் கட்டைகள் ஊதிப்போய், அழுத்தினால் உள்ளே போன கட்டை திரும்பி மேலே வராது. தொரைசாணி ஒரு கையால் வாசித்து மறு கையால் கட்டைகளைத் தூக்கிவிட்டுக்கொண்டிருப்பதை ஜோசப்பின் கதவிடுக்கில் பார்த்திருக்கிறாள். பாவமாகத்தான் இருக்கும்.

கப்பல் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கிய அந்தக் காலத்தில், கொழும்பில் யாரோ தொரைசாணிக்குச் சொல்லிவிட்டார்கள், ஏசிப் பெட்டி காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும் என்று. அடுத்த மாதமே லொறியில் பெட்டி வந்து இறங்கியது. முன்னறைச் சுவரை இடித்து அதைப் பொருத்தினார்கள். பெட்டியின் முகம் பியானோவைப் பார்த்திருந்தது. முதுகு, சமையலறைக்குப் போகிற கூரை போட்ட நடைப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

பெட்டி ஓடினால் அறை குளிரும். குளிர்ந்தால் தொரைசாணிக்கு விரல் மரத்துப்போகும். ஆகவே கணப்பில் விறகும் எரியும்.

“ஒரு பக்கம் நெருப்ப வைக்கிறாங்க, ஒரு பக்கம் ஐஸ வைக்கிறாங்க” என்று தலையிலடித்துக்கொள்வார் கோக்கி சூசைரட்ணம். பங்களாவுக்குச் சமைத்துச் சமைத்தே தலை நரைத்த மனிதர். “நடுவுல ஒக்காந்து பாட்டு வாசிக்கிறாங்க. நம்ம லயத்துல எவளாச்சும் இப்புடிச் செஞ்சா வேப்பெல அடிச்சிருப்பானுக.”

ஆனால் பியானோ பாடியது. கட்டைகள் போன வேகத்தில் திரும்பி வந்தன.

ஒருநாள் ஜோசப்பின் நடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை விறைத்துப்போயிருந்தது. பெட்டியின் முதுகுப்பக்கம் நகர்ந்தபோது முகத்தில் சூடான காற்று அடித்தது. பயந்து பின்வாங்கினாள். மறுபடி கையை நீட்டிப் பார்த்தாள். உள்ளே குளிரைக் கொடுத்துவிட்டு வெளியே சூட்டைத் துப்பிக்கொண்டிருந்தது பெட்டி. அவள் துடைத்த தரை அந்த இடத்தில் மட்டும் அதற்குள் காய்ந்திருந்தது.

மறுநாள் அவள் வேலைக்கு வந்தபோது சேலைத் தலைப்புக்குள் ஈரத்துணி மூட்டை ஒன்று இருந்தது. நடைத் தூணுக்கும் சன்னல் கம்பிக்குமாக ஒரு கயிறு. சாயங்காலம் அவிழ்த்துவிடுவாள். தொரைசாணி நடைப்பக்கம் வருவதே இல்லை. ஒரு வாரத்தில் பிள்ளையின் தொடையில் புதுத்தோல் கட்டியது. அலறல் நின்று, லயமே தூங்கியது.

நல்லது எதையும் ஒருவரே அனுபவிக்க முடியாதே. சூசைரட்ணம் முதலில் மூக்கைச் சுளித்தார். அப்புறம் காலில் போடுகிற தன் மேஸ் சோடியைக் கொண்டுவந்து மாட்டினார். அப்புறம் மழைக்குப் போர்த்திவந்த கம்பளியைக் கொண்டுவந்தார். அது தண்ணீர் குடித்து ஆள் கனம் இருந்தது, கயிறு தாங்கவில்லை. அவர் யோசிக்கவே இல்லை. கம்பளியை விரித்துப் பெட்டியின் முதுகிலேயே போர்த்திவிட்டார்.

“மாமா, மேல போடாதீங்க” என்றாள் ஜோசப்பின், அவருக்குக் கேட்டும் கேட்காத குரலில்.

“அதுக்கும் குளுருதுல்ல” என்றார் அவர்.

நாலைந்து நாள் கம்பளி காய்ந்தது. அதற்கடுத்த நாள் பெட்டி கொஞ்சம் உறுமிவிட்டு ‘டக்’கென்று நின்றது. தட்டிக்கொடுத்தால் ஓடும், திரும்ப நிற்கும். பியானோவின் கட்டைகள் ஒவ்வொன்றாக மறுபடி படுத்தன. தொரைசாணி ஹட்டனுக்குத் தொலைபேசியில் பேசினார். லயத்தில் பிள்ளையின் துணி மறுபடி பிழிந்த மாதிரியே தொங்கியது. பாதி ஆறிய தோல் திரும்பவும் சிவக்கத் தொடங்கியது.

ஹட்டன் டவுனிலிருந்து பெட்டியைப் பழுதுபார்க்க வந்த சின்னத்தம்பி குட்டையான, வாய் ஓயாத ஆள். சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி மலையேறி நடந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“எறச்சிக் கடைப் பொட்டி பாத்திருக்கேன், சாராயக் கடைப் பொட்டி பாத்திருக்கேன்” என்றார் பையை இறக்கி வைத்துக்கொண்டே. “குளுருக்குள்ள குளுரு மெசினு வச்சிருக்க எடத்த இப்பதாண்ணே பாக்குறேன்.”

“நீங்க ஒங்க வேலையப் பாருங்க” என்றார் சூசைரட்ணம். அவர் முகம் சரியில்லை.

சின்னத்தம்பி பெட்டியின் முதுகு மூடியைக் கழற்றினார். மெல்லிய தகடுகளுக்கு இடையில் கம்பளி நூல் அடை அடையாகப் பிடித்திருந்தது. பிய்த்துப் பிய்த்துக் கீழே போட்டார். ஒரு கோழிக்கூட்டுக்குப் போதுமான அளவு சேர்ந்தது. கடைசியாக உள்ளே விரலை விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பிள்ளைத் துணிக்குக் குத்துகிற ஊக்கு.

அந்த நேரம் பார்த்துத் தொரைசாணி வந்து நின்றார். வெளுத்த, ஒல்லியான சிங்களப் பெண். கோக்கியிடமும் மார்க்கெட்டிலும் பழகிய தமிழைத் துண்டு துண்டாகப் பேசுவார்.

“இது என்னா?”

சூசைரட்ணம் ஓரடி முன்னால் வந்தார்.

“எலிங்கம்மா” என்றார். “மழைக்கு எலி வந்து கூடு கட்டும்ங்க.”

சின்னத்தம்பி கோக்கியைப் பார்த்தார். துடைப்பத்தோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்ற ஜோசப்பினையும் பார்த்தார். ஊக்கை மெல்ல விரல்களுக்குள் மூடிக்கொண்டார்.

“எலிதாங்கம்மா. நல்ல பெரிய எலி. கம்பளியெல்லாம் போத்திக்கிட்டுத்தான் தூங்கியிருக்கு.”

“சரி” என்றார் தொரைசாணி. “அப்போ கூண்டு அடிக்கணும். சின்னக் கண்ணுக் கம்பி வலை. கீழேயிருந்து மேலே வரைக்கும். எலி கிட்ட வரக் கூடாது.”

“அடிச்சிறலாங்கம்மா.”

சூசைரட்ணம் பெருமூச்சு விட்டார். வேலை தப்பியது. இந்த நேரத்தில் யாரும் எதுவும் பேசாதிருந்தால் எல்லாம் முடிந்துவிடும். பேசாதிருப்பது ஜோசப்பினுக்குக் கைவந்த வேலை. ஆனால் அவளுக்குக் கண்முன்னே கம்பி வலை தெரிந்தது. வலைக்கு உள்ளே நின்றுபோகிற சூட்டுக் காற்று தெரிந்தது. இராத்திரி தெரேசா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த நடை தெரிந்தது.

“எலி இல்லீங்க.”

யார் பேசியது என்று மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“துணி காயப் போட்டேங்க. அக்கா புள்ளையோடது. தோலு உரிஞ்சிருச்சிங்க. காஞ்ச துணி கட்டச் சொன்னாங்க, எங்கயும் காயலீங்க. இங்க காஞ்சிச்சி.” அவள் துடைப்பத்தைப் பெட்டியின் பக்கம் நீட்டினாள். “வலை அடிச்சா காத்து வராதுங்க.”

சொல்லி முடித்ததும் திரும்பவும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

தொரைசாணி கீழே கிடந்த நூல் குவியலைக் காலால் நகர்த்தினார். “பேபிக்குக் கம்பளியா?”

ஜோசப்பின் தரையைப் பார்த்தாள். கோக்கியைக் காட்டிக்கொடுக்கமாட்டாள். சூசைரட்ணம் தொண்டையைச் செருமினார், தோளில் கிடந்த துண்டை எடுத்தார், திரும்பவும் போட்டுக்கொண்டார்.

“கம்பளி என்னுதுங்கம்மா” என்றார். “புள்ள வேணாமுன்னுதான் சொல்லிச்சி.”

“மிஸ்டர்” என்று சின்னத்தம்பியிடம் திரும்பினார் தொரைசாணி. “துணி போட்டா மெசின் கெட்டுப் போகுமா?”

“மேல போட்டா மூச்சு முட்டி நின்னுரும்மா. வலை அடிச்சாலும் அதுல தூசி புடிக்கும், மாசத்துக்கு ஒருக்கா என்னையக் கூப்புடணும். நான் வேணாமுன்னு சொல்ல மாட்டேன்.” அவர் தூணைக் காட்டினார். “ரெண்டு மொழம் தள்ளிக் கயிறு கட்டுனா ஒன்னும் ஆகாதுங்க. அங்க போற காத்து அதுக்கு வேண்டாத காத்துதான்.”

தொரைசாணி தூணைப் பார்த்தார். “நான் யோசிக்கணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சின்னத்தம்பி தகடுகளைப் பழைய பல் தூரிகையால் தேய்த்து, மூடியைப் பூட்டி, பெட்டியை ஓட விட்டார். புறப்படும்போது ஊக்கை ஜோசப்பினின் கையில் வைத்தார்.

“எலியோட சாமான்” என்றார்.

அன்று இராத்திரி ஜோசப்பின் எதையும் தெரேசாவிடம் சொல்லவில்லை. தெரேசா துவைத்துப் பிழிந்த துணிகளை வழக்கம்போல மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள்.

விடிந்ததும் மழை. பங்களா நடையில் பெட்டி சீராக ஓடிக்கொண்டிருந்தது. கயிற்றை முதல்நாளே ஜோசப்பின் அவிழ்த்து ஆணியில் சுற்றி வைத்திருந்தாள். மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெளியே எடுக்கவும் துணிவில்லாமல் திரும்பிப் போகவும் மனமில்லாமல், சமையலறை வாசலில் நின்றாள். முன்னறையில் பியானோ நடுப்பாட்டில் நின்றது.

“வர்றாங்க” என்றார் சூசைரட்ணம். “மூட்டைய மறைடி.”

மறைக்க நேரமில்லை. நடைக்கதவு திறந்து தொரைசாணி வந்தார். கையில் தொரையின் நீண்ட கம்பளி மேஸ் ஒரு சோடி, தண்ணீர் சொட்டச் சொட்ட. அவர் இவர்களைப் பார்க்கவில்லை. தூணைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ஆணியிலிருந்த கயிற்றை எடுத்தார். பெட்டியிலிருந்து முழங்கையால் ஒரு முழம் அளந்தார், இன்னொரு முழம் அளந்தார், அங்கே சன்னல் கம்பிக்கும் தூணுக்குமாகக் கட்டினார். முடிச்சுப் போடத் தெரியவில்லை. இரண்டு தரம் அவிழ்ந்து மூன்றாம் தரம் நின்றது.

மேஸ் இரண்டையும் கயிற்றின் ஒரு ஓரத்தில், நெருக்கிப் போட்டார். மீதிக் கயிறு முழுக்கக் காலியாகக் கிடந்து காற்றில் ஆடியது. அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஜோசப்பினின் மூட்டையை ஒருதரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.