சாட்சிக்கு ஓர் ஓரகத்தி

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வெளியே கிளம்பினால் ஒன்று கடைக்குப் போவார்கள், இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். இந்த வீட்டு ஓரகத்திகள் ஒருகாலத்தில் சேர்ந்து போனது நகராட்சியின் கழிவுநீர்க் குட்டைகளுக்கு. அதுவும் விடிந்தும் விடியாத நேரத்தில், கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு.

"போற இடத்தைப் பாரு," என்பார் மூத்தவளின் கணவர். "நாலு பூ பூத்த இடமாப் பார்த்துப் போகக் கூடாதா?"

"பறவைக்குப் பூவா முக்கியம்? பூச்சிதான் முக்கியம் மாமா," என்பாள் மாடியிலிருந்து இறங்கி வரும் இளையவள். "எங்க மூக்கை இங்கேயே வச்சிட்டுப் போறோம். வர்ற வரைக்கும் பத்திரமா பார்த்துக்குங்க."

வசந்தம் பிறந்தால் வடக்கே போகிற சின்னஞ்சிறு பறவைகள் அந்தக் குட்டையோரத்து நாணலில் இறங்கும். ஓரிரு நாள் தங்கி, தின்று தெம்பேற்றிக்கொண்டு கிளம்பிவிடும். இருவருக்கும் சேர்த்து இருந்தது ஒரே பைனாகுலர். மூத்தவள் கீழ்வீட்டு முன்னறையில் துணி ஆல்டர் செய்பவள். இளையவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, வருகிறவர்களுக்குக் கண் சோதித்துப் பவர் சொல்லுவாள். ஆகவே மூத்தவள் பறவை இருக்கும் இடம் சொன்னால் இப்படித்தான் இருக்கும்:

"அந்த மரத்தோட தோள்பட்டைக்குக் கீழ, கை மடிப்புகிட்ட பாரு."

"எந்தக் கை?"

"நமக்கு இடது, மரத்துக்கு வலது."

"மரத்துக்கு மூஞ்சி எந்தப் பக்கம்னு முதல்ல சொல்லுங்கக்கா."

அதற்குள் பறவை போயிருக்கும். இருவரும் நாணலுக்குள் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஃபிளாஸ்க் டீயில் பாதி சிரிப்பிலேயே சிந்திவிடும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலம் அது. வீட்டில் யாருக்கு என்ன வேலை கிடந்தாலும், அந்த ஒரு பொழுது மட்டும் அவர்களுடையதாக இருந்தது.

அந்தச் சிரிப்பு ஒரு வசந்தத்தோடு நின்றுபோனது.

இளையவளுக்கு அன்று கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. மூத்தவள் தனியாகத்தான் போனாள். சேற்றோரத்தில், கை எட்டும் தூரத்தில், கழுத்து முழுக்க நீலமாக ஒரு சிறு பறவை வந்து நின்றது. படத்தில் பார்த்திருக்கிறாளே தவிர, அந்த ஊரில் அதை யாரும் பார்த்ததில்லை. மூச்சு விடவும் பயந்து நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் குட்டை வாசலில் பறவை பார்ப்பவர்கள் கூடுவார்கள். யார் என்ன பார்த்தார்கள் என்பது அங்கேயுள்ள கரும்பலகையில் ஏறும். ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்பவர், குழுவுக்குத் தலைமை தாங்கிய பல் டாக்டர். மூத்தவள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் இளையவள் பக்கம் திரும்பினார்.

"என்னம்மா, உங்க அக்கா சொல்றது?"

"நான் அன்னைக்குப் போகலையே டாக்டர்," என்றாள் இளையவள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அக்காவுக்குக் கண்ணாடிப் பவர் மாறி ரொம்ப நாளாச்சு. கடைக்கு வாங்கன்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். இளையவள் சொன்னதில் வஞ்சகம் ஒன்றுமில்லை, கடையில் பேசிப் பழகிய வாய். ஆனால் பறவை பார்ப்பவரிடம் இருப்பது அவர் சொல் ஒன்றுதான். கண் தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் அந்தச் சொல்லும் போச்சு. பறவை பலகையில் ஏறவில்லை. மூத்தவள் ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "முட்டி வலிக்குது" என்று சொல்லி, அடுத்த வாரத்திலிருந்து போவதை நிறுத்தினாள்.

பேச்சு ஒன்றும் நின்றுவிடவில்லை. உப்பு இருக்கா, தண்ணி வந்துச்சா, உன் பையனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா என்று மாடிக்கும் கீழுக்கும் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பறவை மட்டும் அந்தப் பேச்சில் வராது. இளையவள் பிறகு பெரிய கேமராவாக வாங்கினாள். மாடிக் கூடத்துச் சுவரில் அவள் எடுத்த படங்கள் வரிசையாக ஏறின. மூத்தவள் மாடிக்குப் போனால் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள். ஆனால் காற்று திசை மாறுகிற நாளில், தெருவுக்கு மேலே எங்கோ ஒரு மெல்லிய குரல் கடந்துபோகும். ஊசி பிடித்த கை அந்தரத்தில் நிற்கும். நாணல் வாடையும் சேற்று வாடையும் எங்கிருந்தோ மூக்கில் ஏறும். பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்குவது போலவும் இருக்கும். பிறகு ஊசி நகரும்.

வருடங்கள் ஓடி, இந்த வசந்தமும் வந்தது. ஒரு சனிக்கிழமைக் காலை, மூத்தவள் பேக்கரிக்காரரின் பேண்ட்டை மேசையில் விரித்து, கால் மடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இளையவள் சேறு அப்பிய ஷூவோடு நேராக உள்ளே வந்தாள்.

"ஷூவைக் கழட்டு. இப்பத்தான் துடைச்சேன்."

"அக்கா, நீலக்கழுத்து."

"என்னது?"

"நீலக்கழுத்துக்கா. குட்டையில. இப்பப் பார்த்துட்டு வர்றேன்."

மூத்தவள் நூலைப் பிரிப்பதிலேயே கண்ணாக இருந்தாள். "அப்படியா. போட்டோ நல்லா வந்திருக்குமே."

"அதான் இல்லை." இளையவள் கேமராவை மேசையில் வைத்தாள். "டக்கு டக்குனு அடிச்சுத் தள்ளினேன். அது பறந்த பிறகு பார்க்கறேன், உள்ள கார்டு இல்லை. ராத்திரி கம்ப்யூட்டர்ல சொருகினது அங்கேயே இருக்கு."

"நூல் கோக்காம தைச்சிருக்க."

"சிரிங்க, நல்லா சிரிங்க."

"கூட யாரு இருந்தா?"

"யாருமில்லை."

"அப்ப யாரு நம்புவா?"

குத்த நினைத்துச் சொன்னதல்ல. ஆனால் சொன்ன பிறகு இருவருக்குமே அது கேட்டது. இளையவள் வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அங்கிருந்தே டாக்டருக்கு போன் பண்ணிட்டேன். சாட்சி யாருன்னு கேட்டார். வாய் தவறி உங்க பேரைச் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"நீங்களும் கூட இருந்தீங்கன்னு. இப்ப உங்களுக்கு போன் பண்ணுவார். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கக்கா. பலகையில ரெண்டு பேர் பேரையும் எழுதுவாங்க."

மூத்தவள் அடுத்த தையலைப் பிரித்தாள். அந்தப் பறவைக்குப் பக்கத்தில் தன் பெயர். எத்தனை நாள் கையில் துணியோடு உட்கார்ந்து அந்த வரியை மனசுக்குள் எழுதிப் பார்த்திருப்பாள். இப்போது யாரோ தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். ஒரு 'ஆமா' போதும்.

"எங்க நின்னுச்சு?" என்று கேட்டாள்.

"மூணாவது குட்டை. உடைஞ்ச குழாய்க்குக் கீழ."

"தத்துச்சா, நடந்துச்சா?"

"ஓடுச்சு. எலி மாதிரி. சட்டுனு நின்னு நெஞ்சை நிமிர்த்திப் பார்க்கும், திரும்ப ஓடும்."

"வாலு?"

"என்னக்கா, எங்க கடையில நான் கேக்கற மாதிரியே கேக்கறீங்க. இது தெரியுதா, அது தெரியுதான்னு."

"வாலைச் சொல்லு."

"ஒரு தரம் விசிறி மாதிரி விரிச்சுது. அடியில ரெண்டு பக்கமும் செங்கல் நிறம்."

மூத்தவள் பிரிப்பதை நிறுத்தினாள். அந்தச் செங்கல் நிறத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்று யாரும் அவளிடம் வாலைப் பற்றிக் கேட்கவில்லை.

இளையவள் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க பார்த்ததும் இதுதான்க்கா," என்றாள். "அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

"மூடற வாயா அது."

போன் அடித்தது. பல் டாக்டர்தான். முட்டி எப்படி இருக்கிறது, தைக்கிற வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "நீங்களும் பார்த்தீங்களாமே அம்மா?"

எதிரே இளையவள் கண்ணை இமைக்கவில்லை.

"இன்னைக்கு நான் போகலை டாக்டர்," என்றாள் மூத்தவள். "ஆனா அவ பார்த்தது நிஜம். அவ பேரை எழுதுங்க."

"நீங்க கூட இல்லாம எப்படிம்மா சொல்றீங்க?"

"அதை நான் முன்னாடி பார்த்திருக்கேன். அவ சொல்ற அடையாளம் அத்தனையும் அதோடதுதான்."

"தப்பா நினைக்காதீங்க. அதுவும் பலகையில இல்லையேம்மா."

"பலகையில இல்லைதான். குட்டையில இருந்துச்சு."

அவர் மரியாதையாகத்தான் பேசினார். விதி என்று ஒன்று இருக்கிறது, சாட்சியும் படமும் இல்லாமல் எழுதினால் நாளைக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்லுவார்கள் என்றார். மூத்தவள் 'சரிங்க' என்று போனை வைத்தாள்.

"ஒரு வார்த்தைதானேக்கா," என்றாள் இளையவள்.

"இன்னைக்குப் பொய் சொன்னா, அன்னைக்கு நான் சொன்னதும் பொய்னு ஆயிடும்."

"இனிமே என்னையும் யாரும் நம்ப மாட்டாங்க."

"முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். போகப் போகப் பழகிடும்."

"உங்களுக்குப் பழகிச்சா?"

"இல்லை."

இளையவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஷூவைக் கழற்றப் போனவள் பாதியில் நிமிர்ந்தாள். "அந்த நீலத்துக்கு நடுவுல ஒரு சிவப்புப் பொட்டு இருந்துச்சே, என்ன அழகு பார்த்தீங்களா?"

"சிவப்பா? வெள்ளை."

"சிவப்புக்கா."

"நான் பார்த்தது வெள்ளை. பால் சொட்டு மாதிரி."

"ரெண்டு விதமும் உண்டுன்னு படிச்சிருக்கேன். அப்ப உங்களோடது வேற ஆளு, என்னோடது வேற ஆளு. இதை யாருகிட்ட போய்ச் சொல்றது?"

"என்கிட்ட சொல்லு. எந்தப் பக்கத்திலிருந்து வந்துச்சு? இதுல காட்டு." மூத்தவள் தையல் சாக்கட்டியை எடுத்து, மேசையில் விரிந்திருந்த துணியில் ஒரு வட்டம் போட்டாள். இளையவள் அதைப் பிடுங்கிக் குழாயை வரைந்தாள். கோடு கோடாக நாணல் துணியின் முழங்கால் வரை வளர்ந்தது. "என்னோடது இங்க," என்று மூத்தவள் ஒரு புள்ளி வைத்தாள். "அப்ப வெயில் உங்க முதுகுப் பக்கம்," என்றாள் இளையவள். மாடியிலிருந்து இளையவளின் கணவர் சாப்பிட ஏதாவது உண்டா என்று குரல் கொடுத்தார். ரொட்டி டப்பாவிலேயே இருக்கிறது என்று இருவரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள்.

பேக்கரிக்காரர் வாசலில் வந்து நின்றதைக் கவனித்தவர் இல்லை.

"என்னம்மா இது, என் பேண்ட் மேல?"

"குட்டை," என்றாள் இளையவள், தலையைத் தூக்காமலே.

"குட்டை பண்ணத்தான் குடுத்தேன். அதுக்கு இவ்வளவு கோடா?"

மூத்தவள் வெகுநாள் கழித்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சாக்கட்டிதான், துவைச்சா போயிடும். திங்கட்கிழமை வாங்க."

"நாளைக்குக் காலையில கிடைக்காதா?"

"நாளைக்குக் காலையில நாங்க ரெண்டு பேரும் இருக்க மாட்டோம்," என்றாள் மூத்தவள்.