எண்பது கொசுறு

கடையைச் சாத்திய பிறகு குழாய்க்கடைக்காரர் மூன்று மாதம் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். காய்ச்சல் இல்லை, சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் அவர் மனைவியுடையதைவிட ஒழுங்காக இருந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தோரு வருடமாக ஊரார் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு ஆட்டுகிறவள் அவள். புருஷனுடையதையும் மூன்று தடவை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டாள். குறை ரத்தத்தில் இல்லை. காலை முதல் மாலை வரை பேரம் பேசிய வாய்க்கு எதிரே இப்போது ஆள் இல்லை, அவ்வளவுதான்.

டூட்டிக்குக் கிளம்பும்போது எந்தப் பக்கம் படுத்திருந்தாரோ, திரும்பி வரும்போதும் அதே பக்கம்.

"சாப்பிட்டீங்களா?"

"இருக்கட்டும்."

வாடிக்கையாளர் 'இருக்கட்டும்' என்று சொன்னால் அவர் திரும்பி வரமாட்டார் என்று அர்த்தம். இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

கட்டிலுக்கு அடியில் விற்காமல் வந்த சரக்கு மூன்று சாக்கு கிடந்தது. துண்டுக் குழாய்கள், அவற்றை இணைக்கும் எல்போ, டீ, வால்வு. பெருக்கும்போதெல்லாம் காலில் இடித்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் தன் வீட்டுக் கொல்லையில் மீன் தொட்டிக்கு மேலே கீரை வளர்த்துக்கொண்டிருந்தார். மீன் தொட்டித் தண்ணீரை மோட்டார் மேலே தூக்குகிறது, மேலே ஜல்லி நிரப்பிய பாத்தியில் செடிகள் மீனின் கழிவைத் தின்கின்றன, தெளிந்த தண்ணீர் மறுபடி மீனிடமே இறங்குகிறது. மண் வேண்டாம், உரம் வேண்டாம், குழாய் மட்டும் நிறைய வேண்டும். அதைப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு ராத்திரி முழுக்க அந்த மூன்று சாக்கு ஞாபகம்.

விடுமுறை நாளில், இரும்புக் கூண்டுக்குள் வரும் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வரவழைத்தாள். மேல்பாகத்தை அறுத்து எடுத்தால் அது பாத்தி, மிச்சம் மீன் தொட்டி. அறுக்கிறவன் அறுத்துவிட்டுப் போனான். அவள் குந்தி உட்கார்ந்து கோந்து தடவிக் குழாயை ஒட்ட ஆரம்பித்தாள். வேண்டுமென்றே கோணலாக ஒட்டினாளா, கைக்கு வந்ததே அவ்வளவுதானா என்பதை அவள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துப் பின்வாசலில் நிழல் விழுந்தது.

"இதுல தண்ணி போகணுமா, இல்ல ஒழுகணுமா?"

"போகணும்."

"அப்ப தள்ளு."

அன்று அவர் இரண்டு வேளை சாப்பிட்டார்.

நான்கே நாளில் எல்லாம் எழுந்து நின்றது. வெயிலுக்குப் பச்சை வலை, காற்றுக்கு ஒரு சின்ன பம்ப், பாத்தி நிரம்பியதும் தண்ணீரைத் தானே இழுத்துக் கீழே விடும் குழாய். ஆனால் மீன் விட நான்கு வாரம் ஆகும் என்றாள் அவள்.

"எதுக்கு?"

"ஜல்லியில நல்ல கிருமி பிடிக்கணும். மீன் கழிவை அதுங்கதான் செடிக்குச் சாப்பாடா மாத்திக் கொடுக்கும்."

"கிருமியை விரட்டத்தானே உனக்கு ஆஸ்பத்திரியில சம்பளம் தர்றாங்க. வீட்டுல வளக்கச் சொல்றியா?"

பொறுத்துக்கொண்டார், ஆனால் அவருக்கு அது ஒட்டவில்லை. கடையைத் திறந்து, விளக்கைப் போட்டு, சரக்கே இல்லாமல் உட்கார்ந்திருப்பது போல, தினமும் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கெடு முடிந்ததும், "நாப்பது குஞ்சு போதும். அதுக்கு மேல நம்ம தண்ணி தாங்காது" என்று சொல்லிவிட்டு அவள் டூட்டிக்குப் போனாள்.

மாலையில் வந்தபோது தொட்டி கறுத்துக் கிடந்தது. அவ்வளவும் திலாப்பியாக் குஞ்சுகள். அவர் முகத்தில் கடை நாட்களின் வெளிச்சம்.

"நாப்பது சொன்னேனே."

"நாப்பதுதான் வாங்கினேன். மீதி எண்பது கொசுறு."

"எண்பதா?"

"ஒண்ணுக்கு ஒண்ணு கொசுறு கேட்டேன். முடியாதுன்னான். எழுந்து நடந்தேன். கூப்பிட்டான். திரும்பல. ஒண்ணுக்கு ரெண்டுன்னான். அப்பதான் திரும்பினேன்."

சாப்பிடும்போது ஒரு தடவை சொன்னார், படுக்கும்போது ஒரு தடவை சொன்னார். இரண்டாவது தடவை எழுந்து நடந்தே காட்டினார். தண்ணீர் தாங்காது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மருந்துச் சொட்டு விட்டாள். மஞ்சளாக நின்றால் நல்லது. பச்சையாக மாறியது. மீன் கழிவின் விஷம் ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த வெயிலில் தண்ணீர் சூடாக ஆக, அந்த விஷத்துக்கு இரட்டைப் பலம்.

"எப்படி இருக்கு?" என்றார், கழுத்தை எட்டி.

"நல்லா இருக்கு."

பெரிய டாக்டரின் மருமகன் சர்க்கரையை நாலு புள்ளி குறைத்து எழுதச் சொல்லிக் கெஞ்சியபோதுகூடப் பேனாவைத் தொடாதவள் அவள். வாழ்க்கையில் முதல் பொய் முடிவை மீனுக்கு எழுதினாள்.

அன்றிலிருந்து அலாரத்துக்கு முன்னால் எழுந்தாள். செத்து மிதக்கும் குஞ்சுகளை வலையில் எடுத்துப் பப்பாளி மரத்தடியில் புதைப்பாள். மீன் தீனியைப் பாதியாகக் குறைப்பாள். குழாய்த் தண்ணீரை நேராக விட்டால் அதிலிருக்கும் குளோரின் மீனைக் கொன்றுவிடும் என்பதால், ஒரு நாள் முழுக்க டிரம்மில் திறந்து வைத்த தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து மாற்றுவாள். பன்னிரண்டு வாளி. பிறகு குளித்துவிட்டு ஓடிப் போய் ஊரார் ரத்தத்தை ஆட்டுவாள். கணுக்கால் வீங்கிச் செருப்பு வார் ஏறவில்லை. மாதிரிக் குழாயில் பெயர்ச் சீட்டை ஒட்டும்போதே கண் சொக்கியது. வீட்டுக்கு வந்தால் அவர் தொட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு, பாத்தியில் நட்ட வெண்டைச் செடியின் மூன்றாவது இலையைப் பற்றிப் பேசக் காத்திருப்பார். அதற்காகத்தான் இத்தனையும். அவளும் உட்கார்ந்து இலையைப் பார்ப்பாள்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மதிய வெயிலில் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அவர் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"எத்தனை போச்சு?"

"என்னது?"

"சாக்குல நூறு எல்போ இருக்கா, தொண்ணூறு இருக்கானு வாசல்ல நின்னே சொல்றவன் நான். பப்பாளிக்கு அடியில தினம் புது மண்ணு. எத்தனை?"

"பதினாலு."

"தண்ணி நல்லா இருக்குன்ன."

"இல்ல. முதல்லருந்தே இல்ல."

அவர் எழுந்து உள்ளே போனார். கட்டில் கிறீச்சிட்டது.

அவள் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மனிதரை ஒரு தடவை எழுப்பிவிட்டாள். இரண்டாவது தடவை எழுப்ப அவளிடம் சரக்கு இல்லை. கோணலாக ஒட்டக் குழாயும் மிச்சமில்லை. அழலாம் என்று பார்த்தாள், அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. தொட்டியில் நூற்றாறு வாய்கள் காற்றைத் தேடித் திறந்து திறந்து மூடின.

கடைசியில் எழுந்து உள்ளே போனாள். சமாதானமெல்லாம் சொல்லவில்லை.

"அறுபத்தாறு குஞ்சைத் திருப்பிக் கொடுக்கணும். இல்லாட்டி எல்லாம் போயிடும். எனக்கு அந்த ஆள்கிட்டப் பேச வராது."

அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அவள் வாசற்படியிலேயே தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். கண் மூடிக்கொண்டது. எவ்வளவு நேரமோ தெரியவில்லை.

"கொசுறைத் திருப்பிக் கொடுத்த வியாபாரி எவனும் கிடையாது" என்று முதுகு சொன்னது.

"சரி."

"காலையில வெயிலுக்கு முன்னாடி போகணும்."

இரண்டு மூடி போட்ட வாளிகள். ஒன்று ஸ்கூட்டரில் அவர் காலடியில், ஒன்று பின்னால் அவள் மடியில். மேடு பள்ளத்தில் எல்லாம் அவள் புடவை நனைந்தது. மீன்பண்ணைக்காரர் வாளியைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார்.

"வித்த சரக்கைத் திருப்பி எடுக்கிறதில்ல அண்ணே. உங்க கடையில எடுப்பீங்களா?"

"எடுத்ததே இல்ல. ஆனா இது வித்த சரக்கு இல்லையே, தம்பி. கொசுறு. வித்ததை நான் திருப்பல, கொடுத்ததைத்தான் கொடுக்கிறேன்."

"கொசுறுன்னா வாங்கினவங்க பாடு."

"நாலு தொட்டி வெச்சிருக்க. ஒரு அறுபத்தாறு குஞ்சுக்கு இடமில்லையா?"

பண்ணைக்காரர் சிரித்துவிட்டார். "அன்னைக்கு இடமில்லாமத்தான் அண்ணே கொடுத்தேன். மூச்சு முட்டிச் சாக ஆரம்பிச்சுது. வாய் ஜோரா ஒருத்தர் வந்து கொசுறு கேக்க மாட்டாரானு ரெண்டு நாளா உக்காந்திருந்தேன். நீங்க எழுந்து நடந்தீங்க பாருங்க, எனக்குப் பயமே வந்துடுச்சு, நிஜமாவே போயிடுவீங்களோன்னு."

அவள் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, வாளியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"இப்ப இடம் இருக்கா?" என்றது அவர் குரல்.

"முந்தாநாள் ஒரு தொட்டி காலியாச்சு."

"அப்ப எடுத்துக்க."

"எடுத்துக்கறேன். ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த தடவை குஞ்சு வாங்க வந்தா, சொன்ன விலைக்கு வாங்கணும். பேரம் கிடையாது, கொசுறு கிடையாது."

அவர் வெகு நேரம் நின்றார். தங்கள் வீட்டை விற்கச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

"சரி" என்றார்.

வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோதுதான் வாயைத் திறந்தார்.

"நல்லா வித்திருக்கான், தெரியுமா. நடந்து போறவனை எந்த இடத்துல கூப்பிடணும்னு தெரிஞ்சிருக்கு."

அதற்குப் பிறகு அவர் நேராக உள்ளே போனார். காலி வாளிகளைக் கொல்லையில் வைத்துவிட்டு அவள் கிளம்பினாள். டூட்டிக்கு நேரமாகியிருந்தது.

மறுநாள் அவள் எழுந்தபோது விடிந்து வெயிலே வந்துவிட்டது. அலாரத்தை யாரோ அணைத்திருந்தார்கள். பக்கத்தில் கட்டில் காலி. பதறிக் கொல்லைக்குப் போனாள். அவர் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சொட்டு அதிகமாக விட்டு, சட்டையெல்லாம் கறை.

"இது மஞ்சளா பச்சையா? உள்ளதைச் சொல்லு."

அவள் வாங்கிப் பார்த்தாள். நேற்றைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஆனால் மஞ்சள் இல்லை.

"பச்சைதான்."

"இன்னும் எத்தனை நாளு?"

"ரெண்டு வாரமாவது ஆகும். மீன் இன்னும் ரெண்டு மூணு போனாலும் போகும்."

"தினம் தண்ணி மாத்தணுமா?"

"தினம்."

அவர் பெருமூச்சு விட்டு வாளியை எடுத்து டிரம்மில் முக்கினார். நான்காவது வாளியில் மூச்சிரைத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் ஐந்தாவதைத் தூக்கினாள்.