செனோனின் முதல் முடி

சந்தையிலிருந்து வந்த இல்லத்து ஆயா எர்லிந்தா கூடையை இன்னும் இறக்கி வைக்கவில்லை. முற்றத்துக் குழாயடியில் செனோன் உட்கார்ந்திருந்தான். தலை மொட்டையும் இல்லை, கிராப்பும் இல்லை. ஆடு மேய்ந்த புல்தரை மாதிரி அங்கங்கே ஒரு விரல் உயரத்துக்கு முடி நின்றது. அவனைச் சுற்றித் தரையெல்லாம் கறுப்பாகக் கிடந்தது. பக்கத்தில் கத்தரிக்கோலும் கையுமாக வீப்கே நின்றுகொண்டு, பெரிய நல்ல காரியம் செய்துவிட்டவள்போல் சிரித்தாள்.

"பாருங்கள் எர்லிந்தா அவர்களே, எவ்வளவு அழகாக இருக்கிறான்! பேன்கள் அனைத்தும் ஒழிந்தன."

எர்லிந்தா கூடையைப் பொத்தென்று போட்டாள். "அடிப்பாவி! என்னடி பண்ணி வச்சிருக்க?"

"தாங்கள்தானே பேன் உள்ள தலைகளைக் கவனிக்கும்படி கூறினீர்கள்?"

சொன்னது உண்மைதான். காலையில் கிளம்பும் அவசரத்தில் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்து, பிள்ளைகளுக்கு நகம் வெட்டு, பேன் பார் என்று சொல்லிவிட்டுப் போனவள் எர்லிந்தாவேதான்.

வீப்கே ஜெர்மனிக்காரி. பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு, ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யப்போகிறேன் என்று பொத்தோசி என்ற சுரங்க ஊரின் மலையடிவாரத்தில் இருக்கும் இந்தப் பிள்ளைகள் இல்லத்துக்கு வந்து சேர்ந்தவள். இந்த ஊர் மொழியைப் புத்தகம் பார்த்துப் படித்ததால் வாயைத் திறந்தால் பாதிரியார் பிரசங்கம்தான். பொய் மட்டும் வராது. சூப் எப்படி என்று கேட்டால் உப்புக் கரிக்கிறது என்று சமைத்தவள் முகத்துக்கு நேரே சொல்வாள். இப்படி வருஷத்துக்கு ஒருத்தி பெரிய பையோடு வருவதும், பிள்ளைகள் நன்றாக ஒட்டிக்கொண்ட நேரம் பார்த்து, கட்டிப்பிடித்து அழுதுவிட்டு விமானம் ஏறுவதும் வழக்கம். அதற்கப்புறம் ஏங்கிப்போய்ச் சோறு தின்னாமல் அடம்பிடிப்பவர்களை இடுப்பில் தூக்கிக்கொண்டு உலாத்துவது எர்லிந்தாவின் தலையெழுத்து. இருந்தாலும் இவள்மேல் எர்லிந்தாவுக்குப் பிரியம் உண்டு. எச்சில் பாத்திரம் தேய்க்க முகம் சுளிக்காதவள்.

இப்படி வருகிறவர்களுக்காகச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, மேட்டில் ஓடாதே, வெயிலில் தொப்பி போடு. கத்திபடாத பிள்ளைத் தலையில் கை வைக்காதே என்று மட்டும் யாரும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? நெருப்பைத் தொடாதே என்று எழுதி ஒட்டுகிறோமா என்ன?

செனோனுக்கு நாலு வயது. பிறந்த முடி அப்படியே சிக்குப் பிடித்து முதுகில் தொங்கும். வீப்கேயின் கண்ணுக்கு அது கவனிப்பாரில்லாத பிள்ளையின் தலை. ஆனால் அந்த முடிக்காகத்தான் இன்று மதியம் லாரி வரப்போகிறது. அவனுடைய அப்பன் சுரங்கம் சரிந்து செத்துப்போனவன். அப்பன் பங்கு நிலத்தைப் பெரியப்பன் ஃபெர்மின் உழுது தின்றுகொண்டிருந்தான். அம்மா பௌலினா நகரத்தில் ஒரு வீட்டில் தங்கிச் சமையல் வேலை பார்க்கிறாள். அங்கே பிள்ளைக்கு இடம் கிடையாது என்பதால்தான் செனோன் இங்கே இருந்தான்.

ஊர்ப் பெரியவர்கள் ஃபெர்மினை நெருக்கிப் பிடித்து ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். நாளை ஊரில் செனோனின் முதல் முடியை அவன் வெட்ட வேண்டும். வெட்டுகிறவன் பிள்ளைக்கு ஞானத்தகப்பன். ஞானத்தகப்பன் வெறுங்கையோடு நிற்க முடியாது. ஊரறியத் தம்பி நிலத்தையும் ஒரு ஜோடி லாமா மிருகங்களையும் பிள்ளைக்குக் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் பௌலினா வேலையை உதறிவிட்டு மகனோடு ஊரிலேயே இருந்துவிடுவாள். வேறு யாராவது முதலில் வெட்டிவிட்டால் அவர்களும் ஞானப்பெற்றோர்; அவர்கள் பக்கத்தில் வந்து நின்றால்தான் ஃபெர்மின் மிச்ச முடியை வெட்டிச் சீர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம். அப்படி ஏதாவது சாக்குக் கிடைக்காதா என்றுதான் ஃபெர்மின் காத்துக்கொண்டிருந்தான்.

இதையெல்லாம் எர்லிந்தா சொல்லி முடிப்பதற்குள் வீப்கேயின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"நான் அவர்களிடம் உண்மையைக் கூறி மன்னிப்புக் கேட்பேன்."

"கேப்ப. கேட்டுட்டு அடுத்த வாரம் பிளேன்ல ஏறிடுவ. இவன் எங்கடி போவான்? வாயப் பொத்திக்கிட்டு சமையக்கட்டுல இரு. வெளிய உன் தலை தெரிஞ்சுது, தொலைச்சுப்புடுவேன்!"

இல்லத்தின் தலைவியான கன்னியாஸ்திரி மதர் ஊரில் இல்லாதது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. பிள்ளைகள் எல்லாரும் மண்டிபோட்டு, கற்களுக்கு நடுவே கிடந்த முடியைப் பொறுக்கினார்கள். எர்லிந்தா அதை உதறிப் பின்னி, காதுவரை மூடும் கம்பளிக் குல்லாயின் உள்விளிம்பில் வைத்துத் தைத்தாள். ஊசி இரண்டு தரம் அவள் விரலில் ஏறியது. குல்லாயைப் போட்டுப் பார்த்தால் பழைய செனோன்தான். சடை பின்னால் தொங்கியது. எப்படியாவது லாரி ஏறிவிட்டால் போதும். ஊருக்குப் போய் விஷயம் தெரிந்தாலும், பெரியவர்கள் முன்னால் ஃபெர்மின் அவ்வளவு சுலபமாக நழுவ முடியாது.

"தங்கம், இதக் கழட்டக் கூடாது. தலையில கையே வைக்கக் கூடாது. சரியா?"

"அரிக்குது அத்தை."

"அம்மாகூட வீட்டுக்குப் போவணுமா வேணாமா?"

செனோன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டான்.

லாரி ஹாரன் அடித்தது. பௌலினா ஓடிவந்து மகனை வாரி அணைத்தாள். அவள் கை வழக்கம்போல அவன் பிடரியைத் தடவி, குல்லாய்க்குள் நுழைந்து, அங்கேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து எர்லிந்தாவைப் பார்த்தாள். கையை மெல்ல வெளியே எடுத்து, குல்லாயின் கயிற்றை மகனின் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள்.

ஃபெர்மின் வெற்றிலைபோல் கோக்கா இலை அதக்கிய கன்னத்தோடு இறங்கி வந்தான். "குல்லாயக் கழட்டு. தலைய ஒரு தடவ பாத்துக்கறேன்."

"காதுவலிங்க அவனுக்கு. காத்து படக் கூடாது" என்றாள் எர்லிந்தா.

"ராத்திரியெல்லாம் அழுதிருக்கான் பெரியத்தான்" என்று பௌலினாவும் கூசாமல் சேர்த்துச் சொன்னாள்.

அவன் சடையை மட்டும் ஒருதரம் கண்ணால் அளந்தான். "சரி சரி, ஏத்து. இருட்டறதுக்குள்ள ஊரு போய்ச் சேரணும்."

பௌலினா பிள்ளையை லாரிக்கு மேலே தூக்கினாள். கையை அடக்கி அடக்கிப் பார்த்த செனோன், அந்தரத்தில் தொங்கும்போது பாவம், தாங்க முடியாமல் இரண்டு கையையும் குல்லாய்க்குள் விட்டு வறட் வறட்டென்று சொறிந்தான். குல்லாய் திருகிக்கொண்டது. பின்னால் தொங்கிய சடை முன்னால் வந்து மூக்கின்மேல் விழுந்தது.

ஃபெர்மின் குல்லாயைப் பிடுங்கினான். முடியும் அதோடு வந்தது.

அவன் கோபப்படுவான் என்று எர்லிந்தா நினைத்தாள். அவன் முகத்தில் கோபமே இல்லை, நிம்மதிதான் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் அதிகமாயிற்று.

"யாரு வெட்டுனது?"

சமையலறைக் கதவு திறந்தது. "ஐயா, நான் தங்களிடம்..." என்று ஆரம்பித்துக்கொண்டே வீப்கே வாசலுக்கு வந்துவிட்டாள்.

அவளுடைய வைக்கோல் நிறத் தலையைப் பார்த்ததும் ஃபெர்மின் வாய்விட்டுச் சிரித்தான். "ஓகோ, வெள்ளக்காரப் பொண்ணா? நல்லதாப் போச்சு! புள்ளைக்கு ஞானத்தாய் கெடச்சாச்சு. நாளைக்கு ஊர்ல வந்து நிக்கட்டும். வருஷா வருஷம் கார்னவால் திருவிழாவுக்கும் வந்து புள்ளையப் பாக்கட்டும். என்ன பொண்ணே, வருவியா?"

வீப்கே செனோனைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "ஒவ்வோர் ஆண்டுமா? எனக்குத் தெரியவில்லை" என்றாள். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம்.

"கேட்டீங்கல்ல? அவளுக்கே தெரியலையாம். மொதல்ல வெட்டுன ஞானத்தாய் பக்கத்துல வந்து நின்னாத்தான் நான் மிச்ச முடிய வெட்ட முடியும். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல? நான் கெளம்பறேன்."

"பெரியத்தான், உங்க தம்பி புள்ள!" பௌலினா லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடும்மா. நானா வெட்டச் சொன்னேன்?"

எர்லிந்தாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இல்லத்தில் ஒரு சட்டம் உண்டு. இங்கே வேலை பார்ப்பவர்கள் இங்கிருக்கும் எந்தப் பிள்ளைக்கும் ஞானத்தாயாகக் கூடாது; ஆகிவிட்டால் அன்றோடு வேலை போய்விடும். எல்லாருக்கும் அத்தை, யாருக்கும் சொந்தமில்லை என்று இத்தனை வருஷம் அவள் ஒதுங்கியேதான் இருந்தாள். எனக்கு ஞானத்தாயாக இருங்கள் என்று எத்தனையோ பிள்ளைகள் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் முடியாது என்ற ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறாள்.

"நான்தான் வெட்டுனேன்" என்றாள்.

ஃபெர்மின் படியில் ஒரு காலோடு நின்றான். "என்னது?"

"பேன் புடுங்குது, சிக்கு விழுது, நான்தான் வெட்டுனேன். உனக்குப் பயந்து மறைச்சேன். நாளைக்கு நான் வந்து பக்கத்துல நிக்கறேன். வருஷா வருஷமும் வருவேன். உன் கத்தரிக்கோலத் தீட்டி வச்சுக்க."

"பொய்!"

"தம்பி நெலத்த உன்னுதுன்னு உழுது திங்கறியே, அதுதான் பொய்."

யாரோ ஒரு பயல் களுக்கென்று சிரித்தான். ஃபெர்மினின் கழுத்து நரம்பு புடைத்தது. அவன் எர்லிந்தாவைத் தள்ளிக்கொண்டு வீப்கேயின் முன்னால் போய் நின்றான். "இவ புளுகுனி. வெள்ளக்காரங்களுக்குப் பொய் வராதுன்னு ஊருக்கே தெரியும். நீ சொல்லு பொண்ணே. ஆண்டவர் மேல ஆணையா சொல்லு. யாரு வெட்டுனது?"

எர்லிந்தா கண்ணால் கெஞ்சவுமில்லை, மிரட்டவுமில்லை. பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். சூப்புக்கே உண்மை சொல்கிறவளிடம் என்னத்தைக் கெஞ்சுவது? லாரியின் மேலே, தாறுமாறாக வெட்டிய தலையோடு நின்ற செனோனை வீப்கே ஒரு தரம் பார்த்தாள்.

"எர்லிந்தாக்காதான் வெட்டுனாங்க" என்றாள். "நான் பாத்தேன்."

ஃபெர்மின் அவளையே முறைத்துக்கொண்டு நின்றான். அதற்குமேல் கேட்க ஆள் இல்லை. கன்னத்தில் அதக்கியிருந்த இலையைத் துப்பிவிட்டு, குல்லாயையும் சடையையும் எர்லிந்தாவின் கையில் திணித்தான்.

"ஏறு, ஞானத்தாயே" என்றான். விளக்கெண்ணெய் குடித்த முகம்.

பௌலினா அழுதுகொண்டே எர்லிந்தாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள். எர்லிந்தா இல்லத்து வேலை மேலங்கியைக் கழற்றி வீப்கேயிடம் கொடுத்து, "சூப்பு அடுப்புல இருக்கு. உப்பு நீயே போட்டுக்க" என்றாள். மதர் திரும்பி வந்தபின் இந்த மேலங்கியை இனி அவள் போடப்போவதில்லை. வருத்தம்தான். ஆனாலும் லாரியில் ஏறி உட்கார்ந்து, செனோனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டபோது, அவன் தலை அவள் தாடையில் முள்ளாகக் குத்தியது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிள்ளைகள் வாசல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். யாரும் கையசைக்கவில்லை. அவர்களில் ஒரு சின்னப் பெண் கம்பியின் இடுக்கில் முகத்தை நுழைத்து, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டாள்.

"அத்தை, எனக்கும் நீங்கதான் வெட்டுனீங்கன்னு சொல்லுங்களேன்."

ஒருத்தனுக்காகச் சட்டென்று சொன்ன பொய் அந்தச் சின்னவளுக்காக வர மறுத்தது. எர்லிந்தா செனோனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தாள். லாரி கிளம்பியது.